பன்னிரண்டும் பதினேழும்

பிறைவேயில், தனியார் பள்ளியில், படித்த காலத்தில் என் மகளின் சராசரி இருபதுக்குப் பன்னிரண்டு. அரசாங்கப் பள்ளிக்கு மாற்றிய முதல் தவணையிலேயே பதினேழு. பிள்ளை அதே பிள்ளைதான். தலையும் அதே தலைதான், எண்ணெய் வைக்க விடாத தலை. அந்த ஐந்து புள்ளி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டு என் உயிரை எடுத்தவர்கள் கொஞ்சப் பேரில்லை.

நான் பிரான்ஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். புடவைக் கடை என்பது பெயருக்குத்தான். அங்கே புடவையை விட அதிகமாக விரிக்கப்படுவது பிள்ளைகளின் புள்ளிகள். சாமத்தியச் சடங்குக்குச் சேலை எடுக்க வருகிற தாய்மார் முந்தானையைத் தடவிக்கொண்டே கேட்பார்கள்: "பிறைவே திறமோ, பப்ளிக் திறமோ? நீங்கள் ரெண்டிலயும் விட்டுப் பாத்தனீங்கள்தானே அக்கா?"

"ரெண்டிலயும் மேசை, கதிரை இருக்கு. நீங்கள் சேலையைப் பாருங்கோ" என்று எரிந்து விழுவேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்ப்பார். இவளுக்கு மகள் கெட்டிக்காரி என்ற மண்டைக்கனம் என்று அந்தப் பெண்கள் வெளியே போய்ப் பேசுவதும் எனக்குத் தெரியும். மண்டைக்கனமாவது, மண்ணாங்கட்டியாவது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல எனக்குப் பயம், அதுதான் விஷயம்.

இங்கே பிள்ளைகள் பதினொரு வயதில் கொலேஜுக்குப் போவார்கள். நான்கு வருடம். பிறகு லிசே, மூன்று வருடம். எந்த லிசே கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் பிள்ளை என்னவாகும் என்று எங்கள் ஆட்கள் முடிவுகட்டுவார்கள். என் மகளை முதலில் நான் போட்டது பிறைவேயில், அதாவது கன்னியாஸ்திரிகள் எப்போதோ தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளியில். எங்கள் வட்டாரத்து அரசாங்கக் கொலேஜின் வாசலைக் கடந்துதான் நான் தினமும் வேலைக்குப் போவேன். வாசலில் பெடியள் ஒருவரையொருவர் தள்ளி விழுத்திக்கொண்டு நிற்பார்கள். ஐயோ மாதாவே, இதற்குள்ளேயா என் பிள்ளை என்று நினைத்தேன். நானும் மன்னாரில் கொன்வென்றில் படித்தவள். பள்ளிக்கூடத்தின் பெயர் பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் என்று நம்பி வளர்ந்தவள்.

பிறைவேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆசிரியர் வராத நாள் என்று ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சோதனை. புள்ளியைக் கிள்ளிக் கிள்ளித்தான் போடுவார்கள். பதின்மூன்று எடுத்தால் அங்கே பெரிய விஷயம். ஆனால் தவணை அறிக்கையில் எல்லா ஆசிரியரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: எழுத்தில் நன்று, வாய் திறப்பதில்லை. என் மகள் வாய் திறக்காதவளா? வீட்டில் அவளுடைய வாயை மூடவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். விசாரித்துப் பார்த்தபோதுதான் கதை வந்தது. மாரி விடுமுறைக்கு மற்றப் பிள்ளைகள் பனிமலைக்குப் போய்வந்து கதைப்பார்களாம். இவள் பக்கத்து ஊரான எபினே-சூர்-செய்னில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போய்வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிடுவாளாம். சாப்பாட்டு மேசையிலும் தனியாகத்தான் இருப்பாளாம். இரண்டு வருடம் அப்படியே இருந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. தனிமையென்றாலும் படிக்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

மாற்றியது வேறொரு காரணத்துக்காக.

என் மனிசன் ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து அவர் பொறுக்காத செய்தி இல்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"இஞ்சை இந்த அரசாங்கக் கொலேஜில படிச்ச பிள்ளையளுக்கு, லிசேக்கு விண்ணப்பிக்கேக்கை மேலதிகப் புள்ளி குடுக்கினமாம். வசதி குறைஞ்ச பிள்ளையள் கனக்கப் படிக்கிற இடமெண்டபடியால். பிறைவேக்கு ஒண்டும் இல்லை. ஆனா கடைசி ரெண்டு வருசமும் அங்கை படிச்சிருக்க வேணுமாம். இப்ப மாத்தினாத்தான் உண்டு."

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்தார். "ஏனப்பா கோவிக்கிறீர்? எங்கட ஆக்கள் உங்கட மன்னாருக்குப் பிள்ளையளைக் கொண்டு வந்து விட்ட மாதிரித்தானே இதுவும்?"

கையில் இருந்த அகப்பையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தேன். சொதி சுவரெல்லாம் தெறித்தது. கலியாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் அவர் விளையாட்டுக்குச் சொன்ன ஒரு சொல்லுக்கு நான் அப்படி ஆடியது அன்றைக்குத்தான். அவருக்கும் காரணம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார், அறுவார்.

எங்கள் நாட்டில் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, மாவட்டம் மாவட்டமாகத்தான் ஆள் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கெட்டிக்காரர் கூட, வெட்டுப்புள்ளியும் கூட. மன்னாரில் குறைவு. எனவே யாழ்ப்பாணத்தில் சில தாய்தகப்பன், பிள்ளை உயர்தரம் தொடங்கும்போதே மன்னாருக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எங்கள் வகுப்புக்கும் அப்படி ஒருத்தி வந்தாள். கொன்வென்றுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து அவளுடைய மாமி சமைத்துப் போட்டாள். நல்ல பிள்ளை. என் பக்கத்து மேசை. இரசாயனத்தில் எனக்கு விளங்காததை அவள்தான் சொல்லித் தருவாள். பரீட்சை முடிவு வந்தபோது விவசாய பீடத்துக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து போனவர்களில் கடைசிப் பெயர் அவளுடையது. அதற்கு அடுத்தது நான். அவள் வராமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன். அவ்வளவுதான் கதை. அவள் யாழ்ப்பாணம் திரும்ப முதல் மாமி பட்டர் கேக் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை நான் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டேன். பிறகு கலியாணம், பிறகு பிரான்ஸ், பிறகு புடவை மடிப்பு. ஒவ்வொரு நாளும் அவளை நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நினைத்த நாட்களில் நன்றாகச் சபித்தேன்.

அகப்பை எறிந்து பத்து நாளில் நான் அந்த அரசாங்கக் கொலேஜின் அலுவலகத்தில் விண்ணப்பத்தாளோடு நின்றேன்.

"தனக்குத் தனக்கெண்டா சுளகும் படக்குப் படக்கெண்ணுமாம்" என்றார் மனிசன். தன் காரியம் என்றால் எவருக்கும் வேகம் வரும் என்று குத்தினார்.

மகள் மூன்று நாள் அடம்பிடித்தாள். அந்தக் கொலேஜுக்குப் பயம் என்றாள். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. முதல் மாதத்திலேயே வரலாற்று ஆசிரியை சுகமில்லாமல் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவேயில்லை. வகுப்பில் சத்தம். ஒருநாள் யாரோ கதவுப் பூட்டுக்குள் பசை ஊற்றி எல்லாப் பிள்ளைகளும் நடைக்கூடத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றார்கள். இதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டபோது, மகள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். பிள்ளை சிரிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கதையை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருக்க ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளையும் தமிழ்தான். அதுவும் மன்னார்க்காரியின் பிள்ளை. தாய் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள். என்னை விடப் பத்து வயது இளையவள். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "ஐயோ அக்கா, நீங்களும் எங்கட பக்கமோ?" என்று கடைக்குள்ளேயே என்னைக் கட்டிப் பிடித்தாள். பிரெஞ்சு வாசிக்கத் தடுமாறுவாள். எந்தக் கடிதம் வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவாள். நானும் பெருமையோடு வாசித்துச் சொல்வேன்.

முதல் தவணை முடிவில் மகளுக்குப் பதினேழு. மனிசன் கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் சந்தேகம். இது பிள்ளையின் பதினேழா, பள்ளிக்கூடத்தின் பதினேழா? நான் விஞ்ஞானம் படித்தவள், கம்பஸுக்குப் போகாவிட்டாலும். சோதித்துப் பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. பிறைவேயில் மகளைப் படிக்கவிட்டிருந்த இன்னொரு தாயிடம் கெஞ்சி, அங்கே அந்த மாதம் கொடுத்த கணக்குச் சோதனைத் தாளை வாங்கினேன். ஒரு புதன் பின்னேரம் மகளையும் அவளுடைய அந்தச் சிநேகிதியையும் எங்கள் குசினி மேசையில் எதிரெதிரே இருத்தி, மணிக்கூட்டை நடுவில் வைத்தேன்.

"இது என்ன, சிறைச்சாலையா?" என்றாள் மகள்.

"வாயை மூடிக்கொண்டு செய்" என்றேன்.

மகளுக்குப் பதின்மூன்று. பழைய பன்னிரண்டுக்குப் பக்கத்தில். அப்படியென்றால் அரசாங்கப் பள்ளி புள்ளியைத் தாராளமாகப் போடுகிறது, நான் நினைத்தது சரி. அதோடு நின்றிருந்தால் நல்லது. மற்றப் பிள்ளை நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே பேனாவை வைத்துவிட்டாள். திருத்தினேன். ஒரு இடத்தில்கூடப் பிழை இல்லை. இரண்டாம் முறையும் திருத்தினேன், எங்காவது ஒரு பிழை கிடைக்காதா என்று. அந்தப் பிள்ளை பாணில் பட்டர் பூசிக்கொண்டே, "வேற தாள் இருக்கா அன்ரி?" என்று கேட்டாள். பிறைவேயில் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறவர்களும் அவளுக்கு இருபது போட்டிருப்பார்கள். கதவுப் பூட்டில் பசை ஊற்றுகிற அந்தக் கொலேஜில்தான் அவள் முதல் வருடத்திலிருந்து படித்தாள்.

அன்றைக்கு அந்தத் தாளை மனிசனுக்கும் காட்டாமல் கிழித்துப் போட்டேன். அதைப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஒன்றரை வருடமும் அந்தப் பயத்தோடுதான் இருந்தேன். ஆற்றுக்கு அங்கால் ஒரு பெரிய லிசே இருக்கிறது. பெயர் சொன்னால் எங்கள் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். என் மகளுக்கு அதில்தான் ஆசை. எனக்கு அவளை விட ஆசை. கடைசி வருடம் வைகாசி மாதத்தில் எந்த லிசே முதலாவது, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கணினியில் போட வேண்டும். மகளுடையதை முதல் நாளே போட்டுவிட்டேன். முதலாவது அந்தப் பெரிய லிசே. இரண்டாவது எங்கள் வட்டாரத்திலேயே நடந்து போகக்கூடிய ஒன்று, பரவாயில்லாதது.

மற்றப் பிள்ளையின் தாய் வந்தது கடைசி நாள். பின்னேரம் மூன்று மணி, கடையில் ஆள் இல்லாத நேரம். ஹோட்டல் வேலை முடிந்து, கையில் பிளீச்சிங் மணத்தோடு ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, விண்ணப்பம் இண்டைக்குப் பூட்டுதாம். ரீச்சர் துண்டில எழுதித் தந்தவா. நீங்கள் பாத்துப் போட்டு விடுங்கோ" என்று கைபேசியை நீட்டினாள். அதோடு மடித்த ஒரு துண்டு. வகுப்பாசிரியையின் கையெழுத்தில் முதலாவது: ஆற்றுக்கு அங்கால் இருக்கிற அந்தப் பெரிய லிசே.

மேலே பாலத்தில் மெட்ரோ போகிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. என் தலைக்குள் ஓடியது ஒரே கணக்கு. இந்தக் கொலேஜிலிருந்து அங்கே எத்தனை பேரை எடுப்பார்கள்? ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். என் மகள் இந்தப் பிள்ளைக்கு அடுத்தது. வகுப்பில் இவள் முதலாவது, என் மகள் இரண்டாவது. வெட்டுப்புள்ளி இவளுக்குக் கீழே விழும், எனக்கு மேலே விழும். பழையபடி அடுத்த பெயர் நான்.

மகளை அல்ல, என்னைத்தான் நினைத்தேன் என்பதைக் கவனிக்கக்கூட எனக்கு அப்போது புத்தி இருக்கவில்லை.

"இதையோ முதலாவதாப் போடச் சொன்னவா?" என்றேன்.

"ஓம் அக்கா. ஏன், சரியில்லையோ?"

"சரியில்லை எண்டு இல்லை." சேலையை மடித்துக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்கவில்லை. "அங்கை முழுக்கப் பெரிய இடத்துப் பிள்ளையள், தங்கச்சி. என்ரை மகள் பிறைவேயில பட்ட பாடு உமக்குத் தெரியாது. ரெண்டு வருசம் வாய் திறக்கேல்லை. தனிச்சிருந்து சாப்பிட்டவள். விடுமுறைக்கு எங்கை போனாய் எண்டு கேட்டா என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் நிண்டவள். புள்ளியும் பன்னிரண்டுதான் வந்தது. இஞ்சை கெட்டிக்காரியா இருக்கிற பிள்ளை அங்கை போய் மனம் உடைஞ்சு போனா என்ன செய்யிறது?"

ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது பிடிபட்டிருப்பேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்ன செய்வம் அக்கா?"

"கிட்ட இருக்கிறதை முதலாவதாப் போடுவம். பெரியதை ரெண்டாவதாப் போடுவம். ரெண்டும் இருக்குத்தானே."

"பிள்ளை ஆசைப்பட்டவள்..."

"பிள்ளையளுக்கு என்ன தெரியும்?"

"ஓம் ஓம்" என்றாள். "நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

முதலாவது கிடைத்தால் கணினி இரண்டாவதைப் பார்க்கவே பார்க்காது என்று தெரிந்துகொண்டே நான் போட்டேன். என் விரல்தான் அமத்தியது. உறுதிப்படுத்தவா என்று கைபேசி கேட்டது. அவளிடம் காட்டினேன், அவள் தலையாட்டினாள், அமத்தினேன். போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் அக்கா" என்றாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இரவு பன்னிரண்டுக்குப் பூட்டும் வரை மாற்றலாம் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, சமைத்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தாமலே படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு முடிவு வரும்வரை செபமாலையைத் தொடக் கை வரவில்லை.

ஆனி மாதக் கடைசியில் முடிவு வந்தது. நான் அன்றைக்கு லீவு. மகள் கைபேசியைத் திறந்தாள், வீடு அதிரக் கத்தினாள். பெரிய லிசே கிடைத்துவிட்டது. நான் அழுதேன், அவளைக் கட்டிப் பிடித்து நன்றாக அழுதேன். மனிசன் வேலையிடத்திலிருந்து போன் எடுத்து, "எங்கட பிள்ளை!" என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினார். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இல்லை என்று சொன்னால் அது பொய்.

மகள் சிநேகிதிக்குப் போன் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. பிரெஞ்சில்தான் பேசினாள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடாது.

"அவளுக்குக் கிடைத்தது இங்கே பக்கத்தில் உள்ளது. அதைத்தான் முதலாவதாகப் போட்டிருந்ததாம். பூட்டிய பிறகுதான் அவளுக்கே தெரியும். ஒரு மாதமாக என்னிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நீங்கள்தான் போட்டது என்று அவளுடைய அம்மா சொன்னாவாம்."

"பிள்ளை தனிச்சுப் போகுமெண்டு..." என்றேன்.

"அம்மா."

அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். எனக்கு வாய் உளறத் தொடங்கியது. "ஒரு கொலேஜில இருந்து ஒராளை, ரெண்டாளைத்தானே எடுப்பினம். அவள் போனா உனக்கு இடம் எங்கை? உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் பட்டவள்."

"அப்படி யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. எந்தக் கடிதம் வந்தாலும் இரண்டு தரம் வாசிக்கிற நான், இதை மட்டும் வாசிக்காமலே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அப்படி ஒரு கணக்கே இல்லை" என்றாள் மகள். "பள்ளிக்கூடத்துக்கு இத்தனை பேர் என்று இல்லை. அவரவர் புள்ளி, அவ்வளவுதான். வகுப்பாசிரியை முதலிலேயே சொன்னவா, நாங்கள் இரண்டு பேரும் போகலாம் என்று. அவளுக்கு என்னை விடக் கூட. எனக்குக் கிடைத்தால் அவளுக்குக் கிடைக்காமல் இருக்குமா? இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருப்போம்."

அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் இடத்தை எடுத்தது அவளுக்கு அந்த இடம் தேவைப்பட்டதால். அவளுக்காவது ஒரு இடம் மிஞ்சியது. நான் செய்ததில் யாருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. என் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கக் கிடைத்த ஒரேயொரு சிநேகிதியை, திரும்பவும் தனியாகச் சாப்பிடப் போகிற இடத்தில், நானே இல்லாமல் பண்ணினேன்.

மாற்ற முடியுமா என்று அடுத்த நாள் கொலேஜுக்கு ஓடினேன். முதலாவது விருப்பம் கிடைத்த பிள்ளைக்கு முறைப்பாடு என்று ஒன்று கிடையாது என்றார்கள். "அவர்கள் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது, மதாம்?"

அந்தச் சனிக்கிழமை மற்றப் பிள்ளையின் தாய் கடைக்கு வந்தாள். மகளும் வீட்டைத் திறக்க என்னிடம் திறப்பு வாங்க வந்து அங்கே நின்றாள். நான் கல்லாப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. வெள்ளித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தாள். பட்டர் கேக், வீட்டில் சுட்டது, இன்னும் சூடு.

"முதலாவதாப் போட்டதே கிடைச்சிட்டுது அக்கா! எல்லாம் உங்கட கைராசி. பிள்ளைக்குத்தான் கொஞ்சம் முகம் சரியில்லை, அது போகப் போகச் சரியா வந்திடும். நடந்து போற தூரம், நல்ல பிள்ளையள். நீங்கள் சொன்னது எவ்வளவு சரி." பிறகு என் மகளின் கன்னத்தைத் தடவினாள். "நீ பெரிய இடத்துக்குப் போறாயாம். கெட்டிக்காரி. பயப்பிடாமல் வாய் திறந்து கதைக்க வேணும், என்ன?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்தது. "தங்கச்சி" என்று தொடங்கினேன். அவள் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. கேக்கில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். மன்னாரில் கோழிக்குப் போட்ட அதே மாதிரிக் கேக்கை அன்றைக்கு நானே தின்றேன். மகள் அதைத் தொடவேயில்லை.

"அக்கா, சின்னவளும் செப்டெம்பரில கொலேஜ் தொடங்கிறாள்" என்றாள் அவள். "பிறைவே திறமோ, பப்ளிக் திறமோ எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. எங்கை விடுறது, என்னத்தைப் போடுறது, எல்லாம் நீங்கள்தான் பாத்துச் செய்து தரவேணும். வேற ஆரை நான் நம்புறது?"

மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"ஓம்" என்றேன்.